விக்டோரியா காலத்து நட்சத்திர வரைபடம்: சுவரில் மாட்டலாம், வாசிக்கவும் செய்யலாம்

வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் இணையதளங்களில் சுவர்ப் படங்களைத் தேடினால் ஒரு வகைப் படம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பழுப்பேறிய தாள், மெல்லிய கறுப்புக் கோடுகள், வெளிறிய வண்ணத்தில் ஒரு காளை, ஒரு சிங்கம், கதாயுதத்தை ஓங்கிய ஒரு வேட்டைக்காரன். உடம்பெல்லாம் புள்ளிகளாக நட்சத்திரங்கள். கீழே ‘விக்டோரியன் ஸ்டார் சார்ட், விண்டேஜ்’ என்று எழுதியிருப்பார்கள். வரவேற்பறையிலும் படிக்கும் மேசைக்கு மேலும் மாட்ட நன்றாகத்தான் இருக்கும்.

வாங்குபவர்களில் பலர் அதை வாசிப்பதில்லை என்பதுதான் என் குறை. இவை அலங்காரத்துக்காக அச்சிடப்பட்டவை அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கும், தொலைநோக்கி வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கும் வானத்தைச் சொல்லிக்கொடுக்கச் செய்தவை. அந்த வேலையை அவை இன்றும் செய்யும். 180 வருடப் பழைய உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்று யாரும் வழி தேட முடியாது. எல்லைகள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் மாறிவிட்டன. அதே வயதுள்ள வான வரைபடத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் திருவாதிரையும் ரோகிணியும் கார்த்திகையும் படத்தில் உள்ளபடியே மேலே இருக்கும். எப்படி வாசிப்பது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

முதலில் காலத்தைச் சரிசெய்துகொள்வோம். விக்டோரியா மகாராணி அரியணை ஏறியது 1837 ஜூனில், இறந்தது 1901 ஜனவரியில். இந்த 64 வருடத்துக்குள் அச்சானதுதான் விக்டோரியா காலத்து வரைபடம். ஆனால் அந்தப் பெயரில் மிக அதிகமாக விற்பனையாகும் படங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டவை. அவற்றில் முதலிடம் ‘யுரேனியாஸ் மிரர்’ என்ற அட்டைத் தொகுப்புக்கு. சாமுவேல் லீ என்ற பதிப்பாளர் 1824 வாக்கில் லண்டனில் வெளியிட்டது. அப்போது விக்டோரியா நடை பழகி முடித்த குழந்தை.

இருந்தாலும் இந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குவதுதான் சரி. பின்னால் வந்த பலவற்றின் நோக்கம் இதிலேயே தெளிவாகத் தெரிகிறது.

மொத்தம் 32 அட்டைகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எட்டு அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். சிட்னி ஹால் என்ற செதுக்குக் கலைஞர் உருவங்களைத் தகட்டில் செதுக்க, அச்சான பிறகு கையால் வண்ணம் பூசினார்கள். விசேஷம் அட்டையில் உள்ள துளைகள். முக்கியமான நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு துளை. பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய துளை, மங்கலானதற்குச் சிறியது. அட்டையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் படத்தின் வண்ணம் இருண்டு போய், துளைகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக நிற்கும். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் அட்டையை அப்படிப் பிடித்துப் பாருங்கள்: கதாயுதத்தை ஓங்கிய கை, சிங்கத் தோலை ஏந்திய கை, இடுப்பு வாள் எல்லாம் நிழலாகிவிடும், தோள்களில் இரண்டு, இடுப்பில் சாய்வாக வரிசையாக மூன்று, கால்களில் இரண்டு என ஏழு புள்ளிகள் மட்டும் தூக்கலாகத் தெரியும். வெளியே போனால் வானத்தில் தெரியப்போவதும் அதேதான். உருவத்தைக் காட்டி, பிறகு உருவத்தை அழித்து, புள்ளிகளை மனதில் பதிய வைப்பது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பாடக் கருவியை நான் அதிகம் பார்த்ததில்லை. மெழுகுவர்த்தியும் ஜன்னலும் இருந்தால் போதும்.

இதை உருவாக்கியது ‘ஒரு பெண்மணி’ என்றுதான் அப்போது விளம்பரம் செய்தார்கள். யார் அந்தப் பெண்மணி என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஊகம் ஓடியது. 1994-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் நூலகர் பீட்டர் ஹிங்லி விடையை வெளியிட்டார். சங்கத்தில் ஒருவரை உறுப்பினராகச் சேர்க்கக் கோரிய பழைய தாளில், இவர்தான் இந்த அட்டைகளின் ஆசிரியர் என்று எழுதியிருந்தது. அவர் பெண்மணி அல்ல. ரக்பி பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்த பாதிரியார் ரிச்சர்ட் ரூஸ் பிளாக்ஸம். பெயரை ஏன் மறைத்தார் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு: இதிலுள்ள உருவங்கள் அலெக்சாண்டர் ஜேமிசன் 1822-இல் வெளியிட்ட வான அட்லஸைப் பார்த்து அப்படியே வரைந்தவை. துளை போடும் யோசனைதான் புதிது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலைஜா பரிட் என்ற ஆசிரியர் 1833-இல் ஒரு வானியல் பாடநூலையும் அதோடு ஒரு அட்லஸையும் கொண்டுவந்தார். பள்ளிகளில், குறிப்பாகப் பெண்கள் படித்த பள்ளிகளில், பல பத்தாண்டுகள் ஓடிய புத்தகம் இது. பரிட் 1838-லேயே டெக்சாஸில் இறந்துவிட்டார். புத்தகம் மட்டும் மறுபதிப்புகளாக வந்துகொண்டே இருந்தது. இன்று ‘ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தெரியும் வானம்’ என்பது போன்ற தலைப்போடு, நீலமும் இளஞ்சிவப்பும் பூசி விற்கப்படும் பெரிய படங்களில் கணிசமானவை பரிட்டின் அட்லஸ் பக்கங்கள்தான். மாதவாரியாகப் பிரித்ததுதான் அவர் செய்த நல்ல காரியம். தொடங்குபவருக்கு வானம் முழுவதும் ஒரே நாளில் தேவையில்லை. இந்த மாதம் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வந்தால் என்ன தெரியும் என்பது தெரிந்தால் போதும்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் ‘பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம்’ என்று ஒன்று, 1826-இல் தொடங்கியது, மலிவு விலையில் நூல்களும் வரைபடங்களும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. வானத்தை ஒரு கனசதுரப் பெட்டியின் ஆறு முகங்களாகப் பிரித்து ஆறு தாள்களில் அச்சிட்டார்கள். அதை எப்படிப் படிப்பது என்று விளக்கி 1836-இல் தனி நூல் எழுதியவர், மதுரையில் பிறந்த கணித மேதை அகஸ்டஸ் டி மார்கன். வகுப்பறைச் சுவருக்கென்றே துணியில் பெரிதாக அச்சிட்ட படங்களும் வந்தன. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரெனால்ட்ஸ், ஜான் எம்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு நிலவின் பிறைகள், கிரகணம், பருவங்கள், வால்நட்சத்திரம் என்று தனித்தனித் தாள்களாக வெளியிட்டார். அவற்றில் சிலவற்றில் வெட்டி எடுத்த இடத்தில் ஒளி ஊடுருவும் தாள் ஒட்டியிருக்கும், பின்னால் விளக்கு வைத்தால் ஒளிரும். இவை நட்சத்திர வரைபடங்கள் அல்ல, வானியல் விளக்கப் படங்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, கையில் ஒரு படம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

திசையிலிருந்து. புதிதாகப் பார்க்கிற எல்லோரும் முதலில் குழம்பும் இடம் இது. வடக்கு மேலே இருக்கும். ஆனால் கிழக்கு இடப்பக்கமும் மேற்கு வலப்பக்கமும் இருக்கும். அச்சுப் பிழையோ என்று தோன்றும். பிழையில்லை. நில வரைபடத்தைக் குனிந்து பார்க்கிறோம். வான வரைபடத்தை அண்ணாந்து பார்க்கிறோம். தெற்கே திரும்பி நின்று, படத்தின் வடக்கு உச்சந்தலைக்கு மேலே வரும்படி தூக்கிப் பிடியுங்கள். கிழக்கு இடக்கைப் பக்கம் சரியாக வந்து உட்கார்ந்துவிடும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வான உருண்டை என்று ஒரு பொருள் அக்காலத்துப் பணக்கார வீடுகளில் இருந்தது. அது வானத்தை வெளியிலிருந்து, கடவுள் பார்ப்பது போல, காட்டும். அதைப் பின்பற்றி வரைந்த சில படங்களில் எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கும். சோதிக்க எளிய வழி ஓரியன். வேட்டைக்காரனின் தோளில் உள்ள சிவந்த திருவாதிரை படத்தின் இடப்பக்கமும், காலில் உள்ள நீலவெண்மையான ரைஜல் வலப்பக்கமும் இருந்தால் அது நாம் பார்க்கும் வானம். மாறி இருந்தால் அந்தப் படத்தை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், கூடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது புள்ளிகளின் அளவு. படத்தின் மூலையில் ஒரு சிறிய கட்டத்தில் ஆறு வகைப் புள்ளிகளோ நட்சத்திரக் குறிகளோ வரிசையாக இருக்கும். முதல் தரம் என்றால் மிகப் பிரகாசம், ஆறாம் தரம் என்றால் நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தட்டுத்தடுமாறித் தெரிவது. எண் ஏற ஏற ஒளி குறையும். கிரேக்கர் காலத்திலிருந்து வந்த இந்த வரிசை வெகுகாலம் கண்மதிப்பாகவே இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் நார்மன் போக்சன். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தரத்தைவிட 100 மடங்கு ஒளி உடையது, ஆகவே ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சுமார் 2.512 மடங்கு என்று 1856-இல் அவர் முன்வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் அதே அளவுகோல்தான்.

அந்தப் போக்சன் 1861-இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891-இல் இறக்கும்வரை முப்பது வருடம் இங்கேயே இருந்தார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். போக்சனுக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், சென்னை வானத்தில் அளந்த 11,015 நட்சத்திரங்களின் இடங்களைப் பட்டியலாக 1844-இல் வெளியிட்டிருந்தார். லண்டனில் அச்சாகும் வரைபடத்துக்கு அடியில் இந்த மாதிரிப் பட்டியல்கள் தேவை. தெற்கு வானத்தின் ஒரு பெரிய பகுதி லண்டனுக்குத் தெரியவே தெரியாது. யாராவது தெற்கே உட்கார்ந்து அளந்து கொடுத்தால்தான் உண்டு. நுங்கம்பாக்கத்தில் அந்தப் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிரேக்க எழுத்துகள் இருக்கும். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று. 1603-இல் ஜெர்மானியரான யோஹான் பேயர் தொடங்கிவைத்த பழக்கம். ஒரு விண்மீன் குழுவில் பிரகாசமானதிலிருந்து மங்கலானது வரை ஏறத்தாழ அகரவரிசையில் பெயரிட்டார். ஏறத்தாழ என்பதைக் கவனியுங்கள். ஓரியனில் ஆல்ஃபா திருவாதிரை. ஆனால் பெரும்பாலான நாட்களில் பீட்டாவான ரைஜல்தான் கூடுதல் பிரகாசம்.

படத்தின் குறுக்கே ஓடும் இரண்டு கோடுகளை அடையாளம் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று வான நடுக்கோடு: பூமியின் நிலநடுக்கோட்டை அப்படியே வானத்துக்கு நீட்டியது. மற்றது சூரியனின் பாதை. வருடம் முழுவதும் சூரியன் நகர்வதுபோல் தோன்றும் வழி, பன்னிரண்டு ராசிகளும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். நிலவும் கோள்களும் அதை ஒட்டியே நடமாடும். பழைய வரைபடத்தில் கோள்களைத் தேடாதீர்கள். அவை இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வரைய மாட்டார்கள். வானத்தில் அந்தப் பாதைக்கு அருகே படத்தில் இல்லாத ஒரு பளிச்சென்ற புள்ளி தெரிந்தால், அநேகமாக அதுதான் கோள்.

இந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் வரைபடத்தின் வயது தெரியும். பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் அந்த வெட்டுப்புள்ளி சுமார் 72 வருடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. 1840-ஐ அடிப்படையாகக் கொண்டு வரைந்த படத்தின் கட்டங்கள் இன்றைய கட்டங்களிலிருந்து இரண்டரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக விலகியிருக்கும். வானத்தில் அது ஐந்து முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். தொலைநோக்கியை எண்களை வைத்துத் திருப்புபவருக்கு இது பெரிய தவறு. கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் நகர்ந்தது கட்டங்கள்தான். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள உருவ அமைப்பு நகரவில்லை.

நம் ஊரிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்தப் படங்களில் பெரும்பாலானவை 51 டிகிரி வடக்கில் உள்ள லண்டனையோ, 40 டிகிரியை ஒட்டிய அமெரிக்க நகரங்களையோ மனதில் வைத்துச் செய்தவை. சென்னை 13 டிகிரி. லண்டனில் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்துக்கு மேலே நிற்கும். சென்னையில் கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியும் கொஞ்சமும்தான், அதற்குமேல் இல்லை. சப்தரிஷி மண்டலம் லண்டனில் மறைவதே இல்லை; இங்கே வருடத்தில் சில மாதங்கள் மாலை வானத்தில் அதைத் தேடிப் பயனில்லை. வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் லண்டனில் அதிகபட்சம் 22 டிகிரி உயரம் ஏறும், இங்கே 60. இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியர், அதாவது கனோபஸ், லண்டனில் எழுவதே கிடையாது. சென்னையில் பிப்ரவரி மாலையில் தெற்கே திரும்பினாலே தெரியும். ஆகவே ‘வடக்கு அரைக்கோளம்’ என்று போட்ட வட்டப் படத்தை மட்டும் வாங்கினால் நம் தெற்கு வானம் பாதி கிடைக்காது. தெற்கு அரைக்கோளப் படத்தையும் சேர்த்து ஜோடியாக வாங்குவதே நமக்குப் பொருத்தம், சுவரிலும் ஜோடியாக நன்றாக இருக்கும்.

நாளையும் நேரத்தையும் பொருத்திச் சுழற்றும் வட்டத் தகடு, பிளானிஸ்பியர் என்பார்கள், விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில் லண்டன் ஜார்ஜ் பிலிப் நிறுவனத்தால் பரவலானது. அதில் முட்டை வடிவத் திறப்புதான் அடிவானம். அந்தத் திறப்பு குறிப்பிட்ட அட்சரேகைக்கு வெட்டியது. 51 டிகிரிக்கு வெட்டியதை வைத்துச் சேலத்தில் வானம் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அலங்காரத்துக்கு வாங்குங்கள், பயன்பாட்டுக்கு நம் அட்சரேகைக்குச் செய்ததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை செய்து பார்க்க விரும்பினால் ஜனவரிக் கடைசி வாரம் நல்ல நேரம். இரவு ஒன்பது மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். தெற்கே திரும்பி அண்ணாந்தால் படத்தில் உள்ளபடி நிமிர்ந்து நிற்பான். டிசம்பரில் மாலையில் கிழக்கே எழும்போது பார்த்தால் நம் ஊரில் அவன் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, தலையை வடக்கே வைத்து எழுவான். படத்தோடு பொருந்தவில்லையே என்று நினைக்க வேண்டாம். படத்தை அப்படியே இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டால் சரியாகிவிடும். இடுப்பின் மூன்று நட்சத்திரங்களை ஒரு பக்கம் நீட்டினால் ரோகிணி, அதற்கு அப்பால் கார்த்திகைக் கொத்து. மறுபக்கம் நீட்டினால் சிரியஸ். காளை அட்டையையும் பெரிய நாய் அட்டையையும் ஓரியனுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், அதே வரிசை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: காணாமல் போன உருவங்கள். இன்று அதிகாரபூர்வமாக 88 விண்மீன் குழுக்கள். இந்தப் பட்டியலைச் சர்வதேச வானியல் சங்கம் 1922-இல் ஏற்றது. பெல்ஜியத்தின் யூஜீன் டெல்போர்ட் போட்ட நேர்கோட்டு எல்லைகள் 1930-இல் வந்தன. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் வானத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கலாம். பிரெஞ்சு வானியலாளர் லலாண்ட் பூனைப் பிரியர்; 1799-இல் வானத்தில் ஒரு பூனையை வைத்தார். அச்சு இயந்திரக் கூடம், வெப்பக் காற்றுப் பலூன், மின்சாரப் பொறி, கலைமான், போலந்து மன்னர் பெயரில் ஒரு காளை, இங்கிலாந்து மன்னர் ஜார்ஜ் பெயரில் ஒரு யாழ். ஜேமிசன் தன் பங்குக்கு ஓர் ஆந்தையைச் சேர்த்தார். யுரேனியாஸ் மிரரின் கடைசி அட்டையில் ஹைட்ரா என்ற நீளமான பாம்பின் வால்மேல் அந்த ஆந்தை உட்கார்ந்திருக்கும், பூனையும் அதே அட்டையில் உண்டு. இவற்றில் ஒன்றும் இன்று இல்லை. ‘குவாட்ரன்ஸ் முராலிஸ்’, அதாவது சுவர்க் கருவி, என்ற குழு மட்டும் பெயரளவில் தப்பியது: ஜனவரி முதல் வாரத்தில் வரும் குவாட்ரான்டிட் எரிகல் பொழிவுக்கு அதன் பெயர்தான் இன்றும்.

விக்டோரியா காலத்தில்தான் இந்தக் கூட்டம் கலையத் தொடங்கியது. அறிஞர்களுக்கு உருவங்கள் தொந்தரவாகிவிட்டன. ஜான் ஹெர்ஷலும் பிரான்சிஸ் பெய்லியும் 1840-களில் இந்தக் குழப்பத்தைக் குறைக்க முயன்றார்கள். ரிச்சர்ட் பிராக்டர் 1871-இல் 324,198 நட்சத்திரங்களைத் தனித்தனிப் புள்ளியாக வைத்து ஒரே தாளில் வடக்கு வானத்தை வெளியிட்டார். அதில் காளையும் இல்லை, சிங்கமும் இல்லை. அருகில் போய்ப் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள். தள்ளி நின்றால் பால்வெளி மண்டலம் தானாகத் திரண்டு தெரியும். காளையும் சிங்கமும் உள்ள படங்களையே எல்லோரும் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புள்ளிப் படத்தைத்தான் சுவரில் மாட்டுவேன்.

வாங்கும்போது படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க வானியலே உதவும். சூரியக் குடும்பப் படம் ஓரத்தில் இருந்தால் நெப்டியூன் இருக்கிறதா பாருங்கள். அது 1846 செப்டம்பர் 23 இரவில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்தில், புதிதாக அச்சாகியிருந்த ஒரு நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி எது என்று பார்த்தே பெர்லின் ஆய்வகத்தின் கால்லேயும் டாரஸ்டும் அதைப் பிடித்தார்கள். நெப்டியூன் இல்லையென்றால் அநேகமாக அதற்கு முந்தைய தகடு. யுரேனஸை, அதைக் கண்டுபிடித்தவர் பெயரால், ‘ஹெர்ஷல்’ என்று எழுதியிருந்தாலும் பழையது. செவ்வாய்க்கு இரண்டு நிலவு போட்டிருந்தால் 1877-க்குப் பிந்தையது.

அசலா நகலா என்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். செதுக்குத் தகட்டில் அச்சானதில் கோடு முழுக்கோடாக, கூர்மையாக இருக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். கைவண்ணம் என்றால் நிறம் கோட்டைத் தாண்டி அங்கங்கே வழிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பல நிறப் பொடிப்புள்ளிகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால் அது நம் காலத்து அச்சு. நகல் வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. அசல் விலைக்கு நகலை வாங்குவதுதான் நஷ்டம். தனித்தாள் அசல்களில் பல, முழு அட்லஸைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக விற்றவை என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு வியாபாரியின் லாபத்துக்காக ஒரு புத்தகம் செத்துப்போகிறது. நான் அதை ஊக்குவிக்க மாட்டேன்.

தொடங்குபவருக்கு மலிவான வழி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யுரேனியாஸ் மிரர் அட்டைகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும், பரிட்டின் அட்லஸை டேவிட் ரம்சி வரைபடச் சேகரிப்பும் உயர் தெளிவுத்திறனில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஏ3 அளவில் நன்றாக வர, கோப்பு குறைந்தது 3500-க்கு 5000 பிக்சல் இருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். வெள்ளைப் பின்னணியைப் பழுப்பாக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையில் 1840-க்கு முந்தைய துணிக்கூழ்த் தாள் அவ்வளவு பழுப்பாவதே இல்லை. மரக்கூழ் வந்த பிறகுதான் தாள்கள் காபி நிறத்துக்குப் போனது.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னொன்று செய்யலாம். ஓரியனையோ சிம்மத்தையோ தடித்த அட்டையில் அச்சிட்டு, பெரிய நட்சத்திரத்துக்குக் கோணி ஊசியும் சிறியதற்குக் குண்டூசியும் கொண்டு துளையிடுங்கள். விளக்கை அணைத்து, மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் பிளாக்ஸம் செய்த அதே வித்தை. எது எந்தத் தரம் என்று பார்த்துப் பார்த்துத் துளையிடும்போதே பிள்ளைக்கு அந்தக் குழு மனப்பாடமாகிவிடும்.

அசல் தாளாக இருந்தால் மாட்டும் இடத்தில் கவனம் வேண்டும். கைவண்ணம் வெயிலில் வெளுக்கும், ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் கூடாது. பழுப்புப் புள்ளிகள் பூப்பது அதனால்தான், இராமபாணப் பூச்சிக்கும் அதுவே விருந்து. பிரேம் போடும்போது தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டவே விடாதீர்கள், அதன் பசைக்கறை பிறகு எதற்கும் போகாது. சட்டத்தைக் கண்மட்டத்துக்கு மாட்டினால் ஆறாம் தரப் புள்ளிகளையும் கிரேக்க எழுத்துகளையும் நின்றபடியே படிக்கலாம்; சோபாவுக்கு மேலே ஆளுயரத்தில் மாட்டினால் காளையும் சிங்கமும் மட்டும்தான் தெரியும்.